இரவற் புகழும் ஏறிய மலையும்

ஓர் எழுத்தாளனுடைய வாழ்க்கையையும் அவன் இயற்றிய நூலையும் வெவ்வேறாக வைத்து எண்ணுதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். வாழ்க்கை வழுவுடைத்தாயின் நூலும் வழுவுடையதே என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் முற்றும் பொருந்துவன அல்ல என்பதே எம் கருத்து. ஜப்பானிய எழுத்தாளரும் மலையேறுவதில் வல்லவருமாகிய ஃபுகதா கியூயா என்பாரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

ஃபுகதா 1903ஆம் ஆண்டில், இஷிகாவா மாநிலத்துத் தைஷோஜி என்னும் ஊரிற் பிறந்தார். அப்பகுதிக்கு அணிகலமாய் விளங்குவது 2,702 மீட்டர் உயரமுள்ள ஹக்குசான் மலை. மலைகளின்மேல் அவர் கொண்ட காதல் இளமையிலேயே வேரூன்றிற்று. பின்னர்த் தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றார். பயிலுங்காலத்திலேயே கைசோஷா என்னும் பதிப்பகத்திற் பணிபுரிந்தார். அங்கு நடைபெற்ற பரிசுப் போட்டிக்குக் கதை எழுதி விடுத்தவருள் கிதபாத்தகே யாஹோ என்னும் பெண்மணியும் ஒருவர். அவர்தம் எழுத்தில் ஈடுபட்ட ஃபுகதா அவரை நாடிச் சென்றார்; இருவரும் வாழ்க்கைத் துணைவராயினர். அம்மையார் முதுகெலும்பு நோயால் வருந்தியவர்.

'ஒரொக்கோவின் மகள்', 'அசுனாரோ' முதலிய கதைகளால் ஃபுகதாவின் பெயர் பரவிற்று. ஆனால் அவற்றுக்கு மூலமாய் அமைந்தவை யாஹோ அம்மையார் எழுதிய கைப்படிகளே. நூலின் முகப்பிலோ கணவரின் பெயர் மட்டுமே விளங்கிற்று. எழுதியவர் மறைந்திருப்ப, எழுதாதவர் புகழ்பெற்றார்.

1944இல் ஃபுகதா படையிற் சேர்க்கப்பெற்றுச் சீனநாடு சென்று, 1946இல் மீண்டார். மறுவாண்டில் அம்மையாரைப் பிரிந்து வேறொருவரை மணந்தார். முன்னைய கதைகளின் உண்மையும் நாளடைவில் வெளிப்பட்டது. இலக்கிய உலகில் அவர்தம் மதிப்புக் குன்றிற்று. பிறந்த ஊரிலும் கனசாவா நகரிலும் சில ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்து, 1955இல் மீண்டும் தோக்கியோ சேர்ந்தார். யாஹோ அம்மையாரோ தம் பெயரிலேயே சிறுவர்க்குரிய கதைகள் பல எழுதிச் சிறந்தார்.

இரவற் புகழ் இங்ஙனம் கழிந்தபின் ஃபுகதாவுக்கு எஞ்சியவை யாவை? மலைகளும் அவற்றின்மேல் நடந்த தம் இரு கால்களுமே. 1958இல் நேபாளத்து ஜுகல் இமயத்துக்குச் சென்று வந்தார். 1959 முதல் 1963 வரை ஒரு மலையேற்ற இதழில், திங்கள்தோறும் இரு மலைகளைப் பற்றி எழுதினார். அக்கட்டுரைகளே 1964இல் 'ஜப்பானின் நூறு புகழ்மலைகள்' என்னும் நூலாகி, யோமியுரி இலக்கியப் பரிசையும் பெற்றன.

அந்நூலுக்கு அவர் வகுத்துக்கொண்ட அளவைகள் எண்ணத்தக்கன. மலைக்குப் பெருமிதம் வேண்டும். மக்கள் வாழ்வோடு பின்னிய வரலாறு வேண்டும். பிறிதொரு மலைக்கில்லாத தனித்தன்மை வேண்டும். இம்மூன்றனோடு 1,500 மீட்டர் உயரமும் வேண்டும் என்றார். எனினும் 877 மீட்டரே உள்ள ட்சுகுபாவையும், 924 மீட்டரே உள்ள கைமோனையும் விட்டுவிட அவர்க்கு மனம் வந்திலது. முன்னது பழம்பாடல்களிற் பயின்ற மலை. பின்னது கடலருகே குவிந்தெழுந்த வடிவழகு வாய்ந்தது. அளவுகோலுக்கு அடிமையாகாது, கண்டதற்கு உண்மையாயிருத்தல் என்பது இதுவன்றோ! இவை யாவற்றினும் மேலாக, தாம் ஏறாத மலை ஒன்றனையேனும் அவர் அந்நூலிற் சேர்த்திலர்.

ஈண்டு எம் முடிபைக் கூறுவோம். பின்னைய நூலின் சிறப்பு முன்னைய தீங்கைத் துடைத்துவிடாது. யாஹோ அம்மையாருக்கு உரியதைப் பிறர் கொண்டது கொண்டதே; நூறு மலைகளை ஒருசேர வைத்தாலும் அக்கடன் தீராது. ஆயினும் அத்தீங்கு காரணமாக மலைநூலைப் பொய்யென்று தள்ளுதலும் நேர்மையன்று. ஒருவர் எழுதிய கதையை மற்றொருவர் தமதென்று கூறலாம்; ஒருவர் ஏறிய மலையை மற்றொருவர் ஏறியதாக்கிக் கொள்ளல் இயலாது. முன்னையவற்றில் இல்லாத உரிமை பின்னையதில் அவர்க்கு உண்டு. ஆகவே எழுத்தாளனை ஒரே தராசில் ஒருமுறை நிறுத்துவிட்டு அமைதல் கூடாது. நூலுக்கு நூல், 'இதனை இவன் எங்கிருந்து பெற்றான்?' என்று வினாவுதலே முறையாகும்.

மற்றொன்றும் கூறவேண்டும். ஃபுகதாவின் நூறு மலைகளையும் ஒன்று விடாமல் ஏறி முடிப்பதையே நோக்கமாகக் கொண்டோர் இன்று ஜப்பானிற் பலர். அப்பட்டியலில் இடம்பெற்ற மலைகளிற் கூட்டம் நெருங்குகிறது; அவற்றுக்கு அண்டையிலுள்ள அழகிய மலைகளோ நாடுவாரின்றிக் கிடக்கின்றன. இதுவும் ஒருவகை இரவலே. தம் தேர்வு தம்முடையதே. பிறர் தேர்வு வேறாகலாம் என்பதை அவரே உணர்ந்திருந்தார்.

1971ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள், தம் 68ஆம் அகவையில், யமனாஷி மாநிலத்துக் கயகாதாக்கே மலையில் ஏறுகையில் ஃபுகதா உயிர்நீத்தார். அது 1,704 மீட்டர் உயரமுள்ளது. அவர்தம் நூற்றினுள் அஃது இல்லை. பட்டியல் முடிந்த பின்னரும் அவர் ஏறிக்கொண்டேயிருந்தார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மாணவ நண்பர்காள்! உரையாசிரியர் கூறியதையும் வழிகாட்டி நூல்கள் கூறியதையும் நம் பெயரிட்டுத் தேர்வுத்தாளில் இறக்கிவைத்தல் நமக்கு எளிது. அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்தல் கூடும். ஆனால் கல்லூரியை விட்டு நீங்கும் நாளில் நம்முடன் வருவன நாமே படித்து, நாமே இடர்ப்பட்டு, நாமே கண்டு தெளிந்தவை மட்டுமே. அவை ட்சுகுபாவைப் போலச் சிறியனவாயினும் ஆகுக. நாம் ஏறியனவாய் இருத்தல் வேண்டும்.