இடுப்பு மூட்டுக்கு உலோகத் தொப்பி: எலும்பு என்ன பதில் சொல்கிறது?

உத்தரகோசமங்கை மரகத நடராஜர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் அது களையப்படும். காப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் நிற்பது ஒற்றைக் காலில். மனிதர் அப்படி நின்றால் இடுப்பு மூட்டில் விழும் சுமை, உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. 70 கிலோ ஆளுக்கு 175 கிலோ. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் இதே கதைதான்.

எலும்புக்கு இந்தச் சுமை தொல்லை இல்லை, தீனி. சுமை விழும் இடத்தில் எலும்பு கெட்டிப்படும், விழாத இடத்தில் கரையும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதந்து திரும்பும் வீரர்களுக்கு எலும்பு இளைத்துப்போவதும் இதனால்தான்.

வழக்கமான மூட்டு மாற்று சிகிச்சையில் தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, நீளமான உலோகத் தண்டை எலும்புக்குள் இறக்குவார்கள். சுமையைத் தண்டு வாங்கிக் கீழே கடத்திவிடும். மேல்பகுதி எலும்புக்கு வேலை குறைகிறது, மெல்ல மெலிகிறது. ‘ரீசர்ஃபேசிங்’ முறையில் தலையை வெட்டுவதில்லை. செதுக்கி, மேலே உலோகத் தொப்பி போடுகிறார்கள். கழுத்துப் பகுதி எலும்பு முன்புபோலவே சுமக்கிறது. முதல் சில மாதங்களில் அடர்த்தி கொஞ்சம் இறங்கினாலும், ஓரிரு வருடத்தில் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே 2019 ஜனவரியில் இதைச் செய்துகொண்டு, அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் கோப்பை வாங்கினார். அமெரிக்கா ‘பர்மிங்ஹாம்’ மூட்டுக்கு 2006-ல் அனுமதி தரும் முன்பே, இதற்காக அமெரிக்கர்கள் சென்னைக்கு விமானம் ஏறி வந்தார்கள்!

அப்படியானால் எல்லோரும் செய்துகொள்ளலாமா? கூடாது. எலும்பு ஏற்கெனவே பொலபொலத்திருந்தால் தொப்பிக்குக் கீழே கழுத்து முறியலாம், அதுவும் பெரும்பாலும் ஆரம்ப மாதங்களிலேயே. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அடுத்தது, உலோகத்தோடு உலோகம் உரசுவது. கோபால்ட், குரோமியம் துகள்கள் கசிந்தால், அதே எலும்பும் சுற்றுத் திசுவும் அரிக்கப்படும். பர்மிங்ஹாம் மூட்டிலேயே சிறிய அளவுகளை 2015-ல் நிறுவனம் விலக்கிக்கொண்டது, பெண்களுக்கும் வேண்டாம் என்றது.

இந்தியா இதில் பட்டது போதும். ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டெப்யூ, ‘ஏஎஸ்ஆர்’ மூட்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது 2010 ஆகஸ்டில். இங்கே சுமார் 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அவர்களில் 3,600 பேருக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றது மத்திய அரசின் நிபுணர் குழு. இழப்பீடு 30 லட்சம் ரூபாயிலிருந்து 1.23 கோடி வரை என்று 2018-ல் முடிவானது. ஆளே கிடைக்காதபோது யாருக்குக் கொடுப்பது?

ஆஸ்திரேலியாவில் 1999 முதல் மூட்டுப் பதிவேடு இருக்கிறது. மறு அறுவை எண்ணிக்கை ஏறுவது அதில் தெரிந்தது. ஏஎஸ்ஆர் அங்கே 2009 டிசம்பரிலேயே சந்தையை விட்டுப் போனது. எல்லா மருத்துவமனையும் கட்டாயம் எழுத வேண்டிய அப்படியொரு பதிவேடு இங்கும் வந்தே ஆக வேண்டும். ராமநாதபுரத்தில் சேது எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னையில் மூட்டு வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவரை, பத்து வருடம் கழித்து யார் தேடிப் பிடிப்பது? அதுவரை, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டியிருக்கும் அந்த இம்ப்ளான்ட் ஸ்டிக்கரை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் பூட்டி வைப்பது நல்லது.