ஊர் மாறிய பெற்றோர், அணி மாறும் பிள்ளைகள்



2021 ஆகஸ்ட் மாதத்தின் ஒரு சனிக்கிழமை மாலை. டப்ளினில் உள்ள எங்கள் வீட்டில் குடும்பமே தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தது. அகில அயர்லாந்து கேலிக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதி ஆட்டம். டப்ளின் அணியும் மேயோ அணியும் மோதின. அதற்கு முந்தைய 6 ஆண்டுகளும் கோப்பையைத் தொடர்ந்து வென்றிருந்தது டப்ளின். இடைவேளையின்போதும் அதுவே முன்னணியில் இருந்தது. ஆனால் மேயோ விடாமல் போராடிச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்றும்விட்டது.

நாங்கள் துள்ளி எழுந்தோம். அயர்லாந்துக்கு வந்த புதிதில் எட்டு ஆண்டுகள் மேயோவில் வாழ்ந்தவர்கள் நாங்கள். எங்கள் மூத்த மகன் பிறந்ததும், முதன்முதலில் பள்ளிக்குச் சென்றதும் அங்கேதான். பின்னர் பணி மாற்றத்தால் டப்ளினுக்குக் குடிபெயர்ந்தபோது இளையவள் கைக்குழந்தை. "நம் ஊர் ஜெயித்துவிட்டது!" என்று நாங்களும் மகனும் கூவியபோது, டப்ளின் அணியின் நீலச் சட்டையை அணிந்திருந்த அந்த ஏழு வயதுப் பிள்ளை அழத் தொடங்கினாள். அழுகைக்கு இடையே அவள் கேட்டாள்: "நம் ஊர் எது வாப்பா? எனக்கு இதுதானே ஊர்?"

அன்று சிரித்து மழுப்பினோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. பெற்றோர் ஊர் மாறினால் பிள்ளைகள் எந்த அணியை ஆதரிக்க வேண்டும் என்பது அயர்லாந்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் பழைய வழக்கு. அது புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களின் வழக்கும்தான் என்பதை அன்றைக்குப் பிறகே உணர்ந்தோம்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். கேலிக் கால்பந்து, ஹர்லிங் ஆகிய இரண்டும் அயர்லாந்தின் மண் சார்ந்த விளையாட்டுகள். இவற்றை நடத்தும் கேலிக் தடகளச் சங்கம் 1884-இல் தர்லஸ் என்னும் சிற்றூரில் தொடங்கப்பட்டது. அயர்லாந்துத் தீவின் 32 கவுண்டிகளே, அதாவது மாவட்டங்களே, இதன் அடிப்படை. சிற்றூர்களில் உள்ள மன்றங்களில் சிறுவர்கள் ஆடத் தொடங்குகிறார்கள். அவர்களில் சிறந்தவர்கள் வளர்ந்து கவுண்டி அணிக்குச் செல்கிறார்கள். ஆடுவதற்காக அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரம் பேரின் ஆரவாரத்தில் விளையாடியவர், திங்கட்கிழமை காலை வகுப்பறையில் ஆசிரியராகவோ பண்ணையில் விவசாயியாகவோ நிற்பார். பெரும்பணம் கொடுத்து வேற்றூர் வீரரை விலைக்கு வாங்கும் வழக்கம் இங்கே இல்லை. ஆகவே ஒரு கவுண்டி அணி என்பது பெரும்பாலும் அந்த ஊராரின் பிள்ளைகள்தாம். மேயோவின் பச்சையும் சிவப்பும், கெர்ரியின் பச்சையும் பொன்னிறமும், கார்க்கின் சிவப்பும் வெள்ளையும் அந்தந்த மண்ணில் பிறந்தவர்களுக்குக் குடும்பச் சொத்துப் போன்றவை.

எனவேதான் வேலைக்காக டப்ளினுக்கு வந்த கெர்ரிக்காரர், டப்ளினில் பிறந்த தம் மகனுக்குக் கெர்ரிச் சட்டையை வாங்கி அணிவிக்கிறார். இறுதியாட்டக் காலத்தில் ஒரே வீட்டின் சன்னலில் இரண்டு கவுண்டிக் கொடிகள் பறப்பதையும் காணலாம். பெற்றோர் தரப்பின் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. "அணி என்பது வெற்றியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொருள் அன்று. தோற்கும்போதும் உடன் நிற்பதுதான் பற்று. வெல்லும் பக்கம் தாவுவதற்குப் பிள்ளையைப் பழக்கலாமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். மேயோ கடைசியாகக் கோப்பையை வென்றது 1951-இல். 1989 முதல் 2021 வரை 11 ஆண்டுகளில் இறுதியாட்டம் வரை வந்து தோற்றது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஊர் மக்கள் ஒவ்வோர் ஆண்டும் கொடியோடு வந்து நிற்கிறார்கள். தோல்வியிலும் கைவிடாத அந்தக் குணம் எங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டும் என்று நாங்களும் விரும்பினோம்.

ஆயினும் அந்த விருப்பத்தில் எங்கள் சுயநலமும் கலந்திருந்தது. அயர்லாந்தில் முதன்முதலாக எங்களை அண்டை வீட்டாராக ஏற்றுக்கொண்ட ஊர் மேயோ. வெளியிலிருந்து வந்து குடியேறியவரை இங்கே 'ப்ளோ-இன்' என்பார்கள். காற்றடித்து வந்து சேர்ந்தவர் என்று பொருள். அப்படி வந்தவர்களாகிய எங்களுக்கு அந்தப் பச்சை சிவப்புச் சட்டை ஓர் இடம் கொடுத்தது. அந்த இடத்தைவிட்டு வந்த ஏக்கத்தை நாங்கள் எங்கள் மகளின் தோளில் ஏற்றிவிட்டோம். அவள் நினைவில் மேயோ இல்லை. அவளுடைய தோழிகளும், பள்ளியும், மன்றத்தில் அவளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுத்தரும் அக்காவும் டப்ளினில்தான் இருக்கிறார்கள்.

இது குறித்து நம் மார்க்கம் நமக்கு என்ன வழி காட்டுகிறது என்று எண்ணிப் பார்த்தோம். நம் வரலாற்றின் ஆண்டுக் கணக்கே ஓர் இடப்பெயர்விலிருந்து தொடங்குகிறது. மக்காவிலிருந்து மதீனாவுக்கு வந்த தொடக்க நாள்களில் அபூபக்ர் (ரழி), பிலால் (ரழி) ஆகியோர் காய்ச்சலால் வாடினர். பிலால் (ரழி) மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு வளரும் புற்களையும் மலைகளையும் நினைத்து ஏங்கிக் கவிதை சொன்னார். நபிகளார் (ஸல்) அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவை நேசிப்பதுபோல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் எங்களுக்கு நேசத்துக்குரியதாக ஆக்குவாயாக என்ற கருத்தில் அவர்கள் இறைவனிடம் இறைஞ்சினார்கள். பழைய ஊரை மறக்கச் செய்யுமாறு அவர்கள் கேட்கவில்லை. புதிய ஊரின் மீதும் அன்பைக் கேட்டார்கள்.

முஹாஜிர்களுக்கு மதீனாவில் பிறந்த முதல் குழந்தை அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரழி). அக்குழந்தையின் பிறப்பு முஸ்லிம்களுக்குப் பெருமகிழ்ச்சியைத் தந்தது. நபிகளார் (ஸல்) பேரீச்சம்பழத்தை மென்று அக்குழந்தையின் வாயில் இட்டு துஆச் செய்தார்கள். தாயும் தந்தையும் மக்காவாசிகள். பிள்ளையோ மதீனாவின் காற்றில் பிறந்தவர். பெற்றோர் துறந்து வந்த ஊர் அக்குழந்தைக்குக் கதையாகத்தான் கிடைத்திருக்கும். நம் பிள்ளைகளின் நிலையும் இதுதானே?

மக்கா வெற்றிக்குப் பிறகு நடந்ததும் சிந்திக்கத் தக்கது. பிறந்த ஊர் கைக்கு வந்துவிட்டது. இனி நபிகளார் (ஸல்) அங்கேயே தங்கிவிடுவார்களோ என்று அன்சாரிகள் அஞ்சினர். ஆனால் அவர்கள் அன்சாரிகளுடன் மதீனாவுக்கே திரும்பினார்கள். அங்கேயே அடக்கமும் ஆனார்கள். தம்மை ஏற்றுக்கொண்ட ஊருக்குக் காட்டிய நன்றி அது. பிறந்த ஊரின் மீதிருந்த அன்பு அதனால் ஒரு சிறிதும் குறைந்துவிடவில்லை.

இதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு பயணத்தின்போது முஹாஜிர் ஒருவருக்கும் அன்சாரி ஒருவருக்கும் கைகலப்பு ஏற்பட்டது. ஒருவர் முஹாஜிர்களே என்றும் மற்றவர் அன்சாரிகளே என்றும் குரலெழுப்பித் தத்தம் கூட்டத்தை அழைத்தனர். இறைவனே புகழ்ந்த பெயர்கள் அவை. ஆயினும் அவை கட்சிக் கூச்சலாக மாறிய அக்கணத்தில், அது அறியாமைக் காலத்து அழைப்பு என்றும், நாற்றமெடுக்கும் அதனை விட்டுவிடுங்கள் என்றும் நபிகளார் (ஸல்) கண்டித்தார்கள். பெயரிலும் ஊரிலும் குற்றம் இல்லை. அவற்றைக்கொண்டு பிறரை எதிர்ப்பதில்தான் குற்றம். நாம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டோம் என்று சொல்லும் அல்ஹுஜுராத் அத்தியாயமே, ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும் தடுக்கிறது. மகளின் கண்ணீருக்கு முன் நாங்கள் எழுப்பிய கூச்சல் இவற்றில் எந்த வகையைச் சேர்ந்தது என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். விடை எங்களுக்குப் பெருமை தருவதாக இல்லை.

அயர்லாந்தின் ஆடுகளங்களும் இக்கேள்விக்கு ஒரே விடையைத் தருவதில்லை. ஷான் ஓக் ஓ ஹால்பீனின் தந்தை ஃபெர்மானாக் கவுண்டியைச் சேர்ந்தவர். தாய் பிஜித் தீவுகளைச் சேர்ந்தவர். ஆஸ்திரேலியாவில் சிறுவயதைக் கழித்து, பின்னர் கார்க் நகருக்கு வந்த அவர், 2005-இல் கார்க் ஹர்லிங் அணியின் தலைவராகக் கோப்பையை உயர்த்தினார். தந்தையின் கவுண்டியைவிட வளர்ந்த ஊரே அவருக்கு அணியைத் தந்தது.

ஸாக் மொராடியின் கதை வேறு. ஈராக்கில் குர்து அகதிக் குடும்பமொன்றில் பிறந்த அவர், 2002-இல் லீட்ரிம் கவுண்டிக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளில் குடும்பம் டப்ளினுக்கு இடம் பெயர்ந்தது. அவர் மன்ற ஆட்டங்களை டப்ளினில் ஆடினார். ஆனால் கவுண்டிக்காக ஆடும்போது, தம்மை முதலில் ஏற்ற லீட்ரிமுக்கே ஆடினார். 2019-இல் லீட்ரிம் ஹர்லிங் அணி லோரி மாஹர் கோப்பையை வென்றபோது அவரும் அதில் இருந்தார்.

பாலஹடெரீன் என்னும் ஊரின் நிலை இன்னும் வியப்பானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எல்லைகள் மாற்றப்பட்டபோது அவ்வூர் மேயோவிலிருந்து ராஸ்காமன் கவுண்டிக்குச் சென்றது. ஆனால் அதன் விளையாட்டு மன்றம் இன்றுவரை மேயோவின் கீழேயே ஆடுகிறது. அந்த மன்றத்தில் ஆடி வளர்ந்தவர் பாகிஸ்தானில் பிறந்த ஷைரோஸ் அக்ரம். 2016-இல் 21 வயதுக்குட்பட்டோருக்கான அகில அயர்லாந்துக் கோப்பையை வென்ற மேயோ அணியில் அவரும் ஒருவர்.

வளர்ந்த ஊரைத் தேர்ந்தவரும் உண்டு. விட்டுவந்த ஊரோடு நின்றவரும் உண்டு. இருவரையும் இந்நாட்டு மக்கள் மதிக்கிறார்கள். யாரும் திணிக்காமல், தாமே நேசித்த ஊருக்காக அவர்கள் ஆடினார்கள் என்பதே எங்களுக்குப் பாடமாகத் தோன்றுகிறது.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். ஒரு கவுண்டியின் நினைவுகளோடு வளர்ந்த பிள்ளை, ஊர் மாறிய பிறகும் அதே அணியோடு நிற்க விரும்பினால் நிற்கட்டும். புதிய ஊரில் ஒட்ட வேண்டும் என்பதற்காக அதைக் கைவிடச் சொல்ல வேண்டாம். நினைவு தெரியும் முன்பே இடம் பெயர்ந்த பிள்ளையும், புதிய ஊரில் பிறந்த பிள்ளையும் தாம் வாழும் ஊரின் அணியை ஆதரிப்பது இயல்பு. அதைத் துரோகமாகப் பார்க்க வேண்டாம். அண்டை வீட்டாருக்குச் சொத்தில் பங்கு கொடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று நபிகளார் (ஸல்) எண்ணுமளவுக்கு, அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்தியிருக்கிறார். அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஆடும் அணிக்காக நம் பிள்ளை மகிழ்வதும், அவர்கள் தோற்கும்போது வருந்துவதும் அந்த உறவின் ஒரு பகுதியே. வெற்றி தோல்வியைப் பார்த்து ஆண்டுதோறும் சட்டை மாற்றுவதை மட்டும் கண்டித்துத் திருத்தலாம்.

பெற்றோராகிய நாம் கொடுக்க வேண்டியது நம் ஊரின் கதையை. எந்த ஊரில் யார் நமக்கு முதல் நாளில் வீடு தேடித் தந்தார்கள், முதல் நோன்புப் பெருநாளை எங்கே எப்படிக் கழித்தோம், பிறந்த ஊரில் நன்னாவும் பாட்டனாரும் எப்படி வாழ்ந்தார்கள் என்பவற்றை அன்போடு சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். நினைவை அன்பளிப்பாகத் தரலாம். கடனாக ஏற்றக் கூடாது.

எந்த அணியை ஆதரித்தாலும் பிள்ளைகள் மீறக்கூடாத எல்லைகள் சில உண்டு. ஆட்டத்துக்காகத் தொழுகை தவறக் கூடாது. எதிரணியினரை இழித்துப் பேசக் கூடாது. விளையாட்டை வைத்துப் பந்தயம் கட்டும் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. சூதாட்ட நிறுவனங்களின் விளம்பர ஆதரவை 2018-இல் கேலிக் தடகளச் சங்கமே தடை செய்திருக்கும்போது, நாம் இதில் இன்னும் உறுதியாக இருக்க வேண்டாமா? ஊர் மாறினாலும் அணி மாறினாலும், மாறாமல் உடன்வர வேண்டியவை இவைதாம்.

2020 ஜூலை 31 அன்று, கொரோனாக் கட்டுப்பாடுகளால் பள்ளிவாசல்களில் பெருந்திரளாகக் கூட இயலாத நிலையில், அச்சங்கத்தின் தலைமை ஆடுகளமான க்ரோக் பார்க்கில் ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை நடந்தது. எந்தக் கொடியும் இல்லாத அந்தக் காலையில், இடைவெளிவிட்டு விரிக்கப்பட்ட தொழுகை விரிப்புகளில் சுமார் 200 பேர் தலை சாய்த்தனர். அயர்லாந்தின் மக்கள் தம் நெஞ்சுக்கு மிக நெருக்கமான திடலை நமக்குத் திறந்துவிட்டனர். அத்திடலில் ஆடும் அணியொன்றைத் தன் ஊர் அணி என்று எங்கள் மகள் சொன்னபோது, அவளைத் தடுக்க எங்களுக்கு என்ன உரிமை இருந்தது?

சில நாள்கள் கழித்து அவளிடம், "நீ சொன்னது சரிதான். உன் ஊர் இதுதான்" என்று சொன்னோம். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்ப மேயோ ஃபைனல்ல ஆடும்போது நானும் உங்களோட கத்தலாமா?" என்று கேட்டாள். அந்த இறுதியாட்டத்தில் மேயோ டைரோன் அணியிடம் தோற்றது. எங்களுக்கும் அண்ணனுக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவளே.

நம் பிள்ளைகளுக்கு வாழும் ஊரை நேசத்துக்குரியதாகவும், நாம் விட்டுவந்த ஊர்களை நினைவுக்குரியனவாகவும், மார்க்கத்தை இரண்டிலும் வழித்துணையாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.