மழைநாள் கூலி

ஜெலாப்பாங்கில் தோட்டத்து வாழ்க்கையைப் பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள்: மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. தோட்டம் போனாலும் அந்தக் கணக்கு போகவில்லை. பருவம் தடுமாறும் இக்காலத்தில், மாதச் சம்பளக்காரனான எனக்கு அடைமழை வெறும் சாலை நெரிசல். கட்டுமான வேலைக்குப் போகும் நாட்கூலிக்கோ அது அன்றைய அரிசி.

2019இல் உலகின் பெரும் பணக்காரர்களான 1 விழுக்காட்டினர் வெளியிட்ட கரியமிலவாயு, அடித்தட்டில் உள்ள 66 விழுக்காட்டினர் வெளியிட்டதற்குச் சமம் என்கிறது ஆக்ஸ்ஃபாம். புகை ஓரிடம், நட்டம் வேறிடம்.

ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கு நம் அரசாங்கம் மழைக்கால உதவித்தொகை தருகிறது. மழையில் போன வருமானத்தை ஈடுகட்டலாம் என்பதற்கு அதுவே சான்று. பெர்கேசோ வழி அதை நாட்கூலிகளுக்கும் விரிவுபடுத்தலாமே! உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது இதைக் கேளுங்கள்.