குரலும் கூலியும்

2022 மே முதல் லண்டனில் ஒரு விநோதமான இசை நிகழ்ச்சி நடந்து வருகிறது. ஸ்வீடனின் ‘அபா’ குழுவினர் நால்வரும் முதுமை எய்திவிட்டனர். மேடையில் ஆடிப்பாடுவதோ 1970களின் தோற்றம் கொண்ட அவர்களது டிஜிட்டல் உருவங்கள். ஜப்பானின் ஹட்சுனே மிக்குவுக்கு உடலே கிடையாது. 2007இல் சப்போரோ நகர நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த குரல் மென்பொருள் அது. இனி மேடைக்கு மனிதப் பாடகர்கள் தேவையா என்ற விவாதம் கிளம்பியிருப்பதில் வியப்பில்லை.

ஆனால் திரைக்குப் பின்னே பார்க்க வேண்டும். லண்டன் உருவங்களுக்காக அந்த நால்வரும் ஐந்து வாரங்கள் 160 கேமராக்களின் முன் நடித்தனர். இன்றும் அந்த அரங்கில் பத்துக் கலைஞர்கள் நேரில் இசைக்கின்றனர். மிக்குவின் குரல், சாகி ஃபுஜிதா என்ற நடிகையின் குரலிலிருந்து எடுக்கப்பட்டது. ஆக, எந்திரம் தானாகப் பாடவில்லை. உறைந்துபோன மனித உழைப்பையே, மார்க்ஸ் சொன்ன செத்த உழைப்பையே, அது பாட வைக்கிறது. அந்த உழைப்பு யாருடைய உடைமை என்பதே நமது கேள்வி.

இக்கேள்வி புதிதன்று. பேசும்படம் வந்தபோது அமெரிக்கத் திரையரங்குகளின் வாத்தியக் கலைஞர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். 1942 ஆகஸ்ட் 1 அன்று அவர்களது சங்கம் இசைத்தட்டுப் பதிவைப் புறக்கணித்தது. பெரிய நிறுவனங்கள் பணிய இரண்டாண்டுகளுக்கு மேலாயிற்று. விற்கும் தட்டுகளுக்கேற்ப வேலையற்ற கலைஞர்களின் நிதிக்குப் பணம் செலுத்த அவை உடன்பட்டன. சங்கம் எந்திரத்தை உடைக்கவில்லை, அதன் லாபத்தில் பங்கு கேட்டது. மும்பையிலோ, சிந்தசைசர் வந்தபின் ஒலிப்பதிவுக் கூடங்களின் வயலின் வரிசைகள் பெரிதும் சத்தமின்றிக் கலைந்தன.

2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலி செய்வதற்கு மும்பை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வரவேற்கத்தக்கதே. எனினும் அது புகழ்பெற்றவர் என்பதால் கிடைத்த பாதுகாப்பு. பஞ்சாபில் இரவு முழுதும் ஜாக்ரண் பாடுபவருக்கும், பூஜைக் காலத்தில் கிஷோர் குமார் பாடல்களைப் பாடிப் பிழைக்கும் கொல்கத்தாக் கலைஞருக்கும் எந்த வழக்கறிஞர் வருவார்? அவர்களும் பிறர் குரலைப் பின்பற்றுபவர்கள்தாமே எனச் சிலர் எள்ளக்கூடும். அந்தப் பின்பற்றலில் மூச்சு அவர்களுடையது. கூலியும் அவர்கள் வீட்டுக்கே போகிறது. ஒப்பந்தக்காரர் திரையையும் மென்பொருளையும் வாடகைக்கு எடுக்கும் நாளில் முதலில் வெளியேற்றப்படுவோர் இவர்களே, நட்சத்திரங்கள் அல்லர்.

2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடகருக்கு ராயல்டி உரிமை அளித்தது. குரலைக் கொண்டு எந்திரத்தைப் பயிற்றுவிப்பது பற்றி அதில் தெளிவான பிரிவு இல்லை. எழுத்துமூலச் சம்மதம், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனிக் கூலி ஆகியவை சட்டமாக வேண்டும். 2023இல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்துதான் டிஜிட்டல் நகலுக்குச் சம்மதமும் ஊதியமும் என்ற விதிகளை ஒப்பந்தத்தில் எழுதவைத்தனர். நம் நாட்டின் மேடைக் கலைஞர்களில் பெரும்பாலோருக்குச் சங்கமே இல்லை. அவர்களைத் திரட்டும் வேலையை நமது தொழிற்சங்கங்களும் கலை இலக்கிய அமைப்புகளும் வரும் விழாக்காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.