டிக்கெட் ஜீரோ... பஸ்ஸும் ஜீரோ!

"லேடீஸுக்குத்தான் பஸ் ஃப்ரீ ஆச்சே, இன்னும் என்னப்பா குறை?" என்று கிளாஸில் ஒரு நண்பர் கேட்டார். அங்கே சொல்ல முடியாததை இங்கே கொட்டுகிறேன்.

2021 மே 8-லிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்று ஆனது. நல்ல திட்டம். பயன்படுத்தும் பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவே கணக்குச் சொன்னது. 'ஓசி பஸ்' என்று கிண்டலடிப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வரவும்.

ஆனால்... ஆம்பூர் பக்கம் காலையில் வந்து நின்று பாருங்கள். ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் பெண்கள் பேரணாம்பட்டு, மாதனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். எதில்? கம்பெனி பஸ், வேன், ஷேர் ஆட்டோ. ஷிப்ட் நேரத்துக்கு டவுன் பஸ் வராத ஊரில் இலவச டிக்கெட் வெறும் காகிதம். ஹைவேயில் பறக்கிற வேலூர், பெங்களூர் பஸ்களை எண்ணி மாளாது. 2021 ஆணையோ டவுன் பஸ்ஸோடு நின்றுவிட்டது.

"அதான் கம்பெனியே பஸ் விடுதே?" என்பீர்கள். என் சண்டையே அங்கேதான். மதியம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் அந்த பஸ் கிளம்புமா? பக்கத்துக் கம்பெனியில் கூடச் சம்பளம் என்றால் அங்கே இறக்கிவிடுமா? ஓவர்டைம் வேண்டாம் என்கிறவள் எதில் வீடு போவாள்? பஸ் முதலாளி கையில் இருந்தால் வேலையை விடுகிற உரிமையும் அவர் கையில்தான்.

கேட்டால் கிடைக்காது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் ரயிலுக்குக் கோடி கோடியாகக் கொட்டிவிட்டு பஸ் கட்டணத்தை ஏற்றப் பார்த்தார்கள். பஸ்ஸை நம்பியிருந்தவர்கள் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுகிற லத்தீனோக்களும் கறுப்பின மக்களும். பஸ் பயணிகளே சங்கம் வைத்து, 1994-ல் வழக்குப் போட்டார்கள். 1996-ல் நிர்வாகம் உடன்பாட்டுக்கு இறங்கி வந்தது: பாஸ் விலைக்கு வரம்பு, நெரிசல் குறையக் கூடுதல் பஸ்கள். வீட்டுவேலை செய்பவர்களும் துப்புரவுத் தொழிலாளிகளும் சேர்ந்து வாங்கியது இது!

தோல் ஏற்றுமதியில் டாலர் கொட்டுகிறது என்று நாம் பெருமையடிக்கிறோம். அந்த டாலரைத் தைக்கிறவள் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். டைம் டேபிளைப் போடும்போது கம்பெனி மணி எப்போது அடிக்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள். ஷிப்டுக்கு ஒரு பஸ், நடுவில் மதியம் ஒரு பஸ்.

காசு வாங்காமல் இருப்பது சலுகை. பஸ் வருவதுதான் உரிமை. என்ன சொல்கிறீர்கள் மக்களே?