திருப்பயண மலையின் காயம்



அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையில், மாயோ மாவட்டத்தில், க்ரோ பேட்ரிக் என்றொரு மலை உண்டு. உயரம் 764 மீட்டர். கி.பி. 441-ஆம் ஆண்டில் புனித பேட்ரிக் அதன் உச்சியில் நாற்பது நாள்கள் நோன்பிருந்து செபித்தார் என்பது மரபு. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கான திருப்பயணிகள் அம்மலையில் ஏறி, உச்சியில் 1905-இல் கட்டப்பட்ட சிற்றாலயத்தில் திருப்பலி காண்கின்றனர். வெறுங்காலோடு ஏறுவோர் இன்றும் இருக்கின்றனர். ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால், சுற்றுலாப் பயணிகளையும் சேர்த்து, ஏறுவோர் ஓர் இலட்சத்துக்கும் மேல்.

அத்தனை பாதங்களும் சேர்ந்து மலையைக் காயப்படுத்திவிட்டன. மேற்பகுதி முழுவதும் செங்குத்தான சரிவு. காலடியில் உருளும் சரளைக் கற்கள். வழுக்குகிறதே என்று ஒருவர் ஓரத்துப் புல்லில் கால் வைக்கிறார். பின்னால் வருபவரும் அப்படியே செய்கிறார். புல் செத்துப்போகிறது, அடுத்த மழையில் வேர் பிடிப்பற்ற மண் கரைந்து ஓடுகிறது. அங்கும் கல் வெளியே தெரிந்ததும், மக்கள் இன்னும் சற்றுத் தள்ளி நடக்கின்றனர். இப்படியே பாதை ஆண்டுக்காண்டு அகன்று, தொலைவிலிருந்து பார்த்தாலே தெரியும் தழும்பாகிவிட்டது. இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவருமில்லை. எல்லாரும் செபிக்க வந்தவர்கள்தாம், அல்லது காற்று வாங்க வந்தவர்கள்.

பாதையைக் காக்க வேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல். மலை பலருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். திருச்சபை மக்களை அழைத்தது, மக்கள் ஏறினர், பாதை எவர் பொறுப்பிலும் முழுமையாக இல்லை. கடைசியில் மாவட்ட நிர்வாகம், நில உரிமையாளர்கள், மலையேறுவோர் அமைப்பு, ஊரார், திருச்சபை ஆகியோர் ஒரே குழுவாகக் கூடினர். அதன் பயனாக 2021-இல் சீரமைப்பு தொடங்கியது. சிமென்ட் பயன்படுத்தவில்லை. மலையிலேயே கிடக்கும் கற்களைக் கையால் எடுத்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு பதித்து, மழைநீர் பாதையில் ஓடாதபடி குறுக்கே வடிகால்கள் அமைத்தனர். மெதுவாக நடக்கும் வேலை, முதுகை ஒடிக்கும் வேலை.

'தவ முயற்சி என்றால் கடினமாகத்தானே இருக்க வேண்டும்? படி கட்டினால் தவம் ஏது?' என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். ஆனால், என் பாவத்துக்காக நான் ஏற்கும் துன்பம் வேறு. நான் சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொள்ள, மீட்புப் பணியின் தன்னார்வலர்கள் என்னைத் தூக்குப் படுக்கையில் வைத்து அதே சரிவில் இறக்குவது வேறு. அந்தத் துன்பத்தை நான் அவர்கள் தோளில் அல்லவா ஏற்றுகிறேன்? பதித்த கல்லின்மேல் நடந்தாலும் உயரம் குறைவதில்லை, மூச்சு வாங்கத்தான் செய்யும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலை நாம் ஞாயிறு மறையுரைகளில் நிறையவே பேசினோம். அதைக் கையில் கல் எடுத்துப் பேசியவர்கள் இந்தத் தொழிலாளர்கள்.

நம் பங்குகளிலும் சிலுவை மலைகள் உண்டு. தவக்காலம் நெருங்கினால் புதிய சுரூபத்துக்கு நன்கொடை தர ஆள் வருவார்கள். உடைந்த படிக்கும், தூர்ந்துபோன வடிகாலுக்கும் தருபவர் அரிது. வடிகாலில் பெயர் பொறிக்க இடமில்லையே! பங்குப் பேரவைகள் விழாக் கணக்கை எழுதும்போதே பாதைக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்துவைத்தால் என்ன?

இதற்கு முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. சென்னை புனித தோமையார் மலைக்குப் படிகள் அமைத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலத்தையும் தம் பணத்தில் கட்டினார். கட்டியதோடு நிற்காமல், அதன் பராமரிப்புக்கென்று தனியே பணமும் வைத்தார். அந்தப் பாலத்தின் இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. மலைப் படிகளில் நாம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறோம்.