சாவியை எடுத்த பிறகும் ஓடும் கரண்ட்

மாங்காய் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு, குழந்தைக்குப் பல் முளைக்கும்போது என்ன செய்வது என்று எழுதிக் கொண்டிருப்பவள், இந்தத் தடவை காரைப் பற்றி எழுதுகிறாளே என்று ஆச்சரியப்படாதீர்கள். கார் ஓட்டத் தெரியாதவள்தான் நான். ஆனால் போன வைகாசியில் எங்கள் வீட்டில் நடந்த கூத்தில் மாட்டிக் கொண்டது என் மாமியாரின் மருந்து. அதனால் இது நம் பக்கத்துக்கு உரிய விஷயம்தான், கேளுங்கள்.

சுவாமிமலையில் கல்யாணம். மாமியாரின் தங்கை பேத்திக்கு. அதிகாலை ஐந்தரைக்கு முகூர்த்தம். தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டிய மூத்தவர் என் மாமியார். கோயம்புத்தூரிலிருந்து முதல் நாளே கிளம்பி, கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டோம். கல்யாணம் முடிந்ததும் அத்தை அப்படியே தஞ்சாவூரில் என் நாத்தனார் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்குவதாக ஏற்பாடு. அவருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. தினம் இரண்டு வேளை இன்சுலின். ஒரு மாதத்துக்கான புது மருந்துக் குப்பிகளைக் காரிலேயே செருகி வைக்கும் சின்ன ஃபிரிஜ் பெட்டியில் வைத்திருந்தோம். என் மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த பெட்டி அது.

ராத்திரி ஒன்பது மணிக்கு லாட்ஜ் வாசலில் இறங்கினோம். "பெட்டியையும் மேலே எடுத்துட்டுப் போயிடலாமாங்க?" என்று கேட்டேன். "ரூம்ல காருக்கான பிளக் ஏது? இங்கேயே இருக்கட்டும். சாவியை எடுத்தா அதுவும் அணைஞ்சுக்கும். மூடி போட்ட பெட்டி, காலைல வரைக்கும் குளிர்ச்சி தாங்கும்" என்றார் இவர். பத்து வருஷம் வைத்திருந்த பழைய காரில் அப்படித்தான். சாவியைத் திருப்பினால் ரேடியோ, சார்ஜர் எல்லாம் ஒன்றாகக் கண்ணை மூடிக் கொள்ளும். இது போன வருஷம் மாற்றிய வண்டி. அது வேறு, இது வேறு என்று இருவருக்குமே தோன்றவில்லை.

காலை நாலே முக்காலுக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக் கொண்டு இறங்கி வந்தால், வண்டி "டக், டக்" என்று இரண்டு முறை முனகிவிட்டு அடங்கிப் போயிற்று. விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. அந்த நேரத்தில் ஆட்டோவுக்கு எங்கே போவது? முட்டி வலிக்காரரான அத்தையைத் தெருமுனை வரை மெல்ல நடத்திக் கூட்டிப் போய், ஒரு ஆட்டோ கிடைத்து, சுவாமிமலை போய்ச் சேர்ந்தபோது கெட்டிமேளம் கொட்டி முடிந்திருந்தது. "பரவாயில்ல கண்ணு, குழந்தைங்க நல்லா இருக்கட்டும்" என்றுதான் சொன்னார் அத்தை. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒன்பது மணிக்கு லாட்ஜுக்கு மெக்கானிக் தம்பி வந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். முழுசாக நிரம்பிய கார் பாட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டுமாம். எங்களுடையது 11 கூடக் காட்டவில்லை. "ராத்திரி என்ன செருகி வெச்சிருந்தீங்க?" என்றார். சொன்னேன். சிரித்தார். தன்னுடைய பாட்டரியிலிருந்து கம்பி போட்டு வண்டிக்கு உயிர் கொடுத்து, ஓட விட்டு, மறுபடி அணைத்து, சாவியை இவர் சட்டைப் பையிலேயே போட்டுக் கொள்ளச் சொன்னார். பிறகு ஒரு சின்ன டெஸ்ட் விளக்கை அந்தச் சாக்கெட்டில் செருகினார். ஜம்மென்று எரிந்தது!

இந்தச் சாக்கெட்டின் பூர்வ கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கார்களில் ஆண்கள் சிகரெட் பற்ற வைப்பதற்காக வந்த ஓட்டை இது. லைட்டரை அழுத்தினால் அதன் நுனிக் கம்பி சிவக்கச் சூடாகும். சிகரெட் போய்விட்டது, ஓட்டை மட்டும் தங்கிவிட்டது. அதில்தான் இப்போது நாம் செல்போன் சார்ஜர், டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், குழந்தையின் பால் பாட்டிலைச் சூடாக்கும் சாதனம் எல்லாம் செருகுகிறோம். சில கார்களில் கம்பெனிக்காரர்கள் இதைச் சாவியோடு அணைகிற மாதிரி அமைக்கிறார்கள். வேறு சிலவற்றில் நேராகப் பாட்டரியோடு இணைத்து விடுகிறார்கள். ஒரே காரில் முன்னால் இருப்பது அணையும், பின்னால் டிக்கியில் இருப்பது அணையாது என்றும் உண்டு. எஞ்சின் நின்று சில நிமிஷம் கழித்துத் தானாக அணைகிற வகையும் இருக்கிறது.

அணையாமல் இருப்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்குப் போகும் என் தங்கை மகள் ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி. மத்தியானம் ஆபீஸில் நிறுத்திய காருக்குள் திரை போட்டுக் கொண்டு, எஞ்சினை ஓட விடாமலே தாய்ப்பால் எடுக்கும் பம்பை அந்தச் சாக்கெட்டில் போட்டுப் பால் எடுத்து வைக்கிறாள். கால் மணி நேர வேலை. பாட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சாவியோடு அணைகிற வண்டியாக இருந்தால் அவள் பாடு திண்டாட்டம். (எஞ்சினை ஓட விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மூடிய ஷெட்டுக்குள் மட்டும் வேண்டாம், அம்மா. அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷக்காற்று இருக்கிறது, ஆளையே கொன்றுவிடும்.)

கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நம் மாதச் செலவுக் கணக்கைவிட இது சுலபம். பாட்டரியைத் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக் கொள்ளுங்கள். சின்னக் கார்களின் பாட்டரிமேல் 35 ஏ.எச். என்கிற மாதிரி போட்டிருக்கும். மணிக்கு ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரம் தாங்கும் என்று ஏறக்குறைய அர்த்தம். எங்கள் பெட்டியின் அடியில் 48 வாட் என்று போட்டிருந்தது. அதைக் கார் கரண்டின் 12 வோல்ட்டால் வகுத்தால் 4 ஆம்பியர். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை எட்டு மணி நேரம். எட்டு நாலு முப்பத்திரண்டு. தொட்டி காலி! வீட்டு ஃபிரிஜ் குளிர்ந்ததும் தானாக நின்று நின்று ஓடும். இந்த மலிவுப் பெட்டிகள் பலவும் நிற்காமல் ஓடிக் கொண்டே இருக்கும் ரகம்.

தொட்டி முழுக்கக் காலியாக வேண்டும் என்றுகூட இல்லை. வண்டியைக் கிளப்பும் அந்த ஓரிரு வினாடிக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். பாதிக்குக் கீழே போய்விட்ட பழைய பாட்டரி அதற்கே முழி பிதுங்கும். இப்படி ஒட்ட வடிய விடுவதும் பாட்டரிக்கு ஆகாது. ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து அதன் ஆயுசு குறையும். இரண்டு மூன்று தடவை நடந்தால் புதுசு வாங்க வேண்டியதுதான். அம்பாஸடர் காலத்தில் முன்னால் கம்பியை விட்டுச் சுற்றியாவது கிளப்பலாம். அந்த வசதியும் இப்போது இல்லை. கியர் போட்டு ஓட்டும் வண்டியைத் தள்ளிப் பார்க்கலாம். ஆட்டோமாட்டிக் என்றால் அதுவும் முடியாது.

மற்றபடி, போன் செருகாத வெறும் சார்ஜர் ஒரு ராத்திரி இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் கண்ணாடியில் மாட்டுகிறார்களே, ரோட்டைப் படம் பிடிக்கும் காமிரா, அது 5 வாட் வகை என்றாலும் ஒரு நாளைக்குப் பத்து ஏ.எச். குடிக்கும். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வண்டி கிளம்பாது. 2020 ஊரடங்கில் ஒன்றுமே செருகாமல் மாதக்கணக்கில் நின்ற கார்களே எத்தனை மக்கர் செய்தன! கடிகாரம், பூட்டு அலாரம் இவை சொட்டுச் சொட்டாகக் குடித்ததே போதும்.

உங்கள் வீட்டு வண்டி எந்த ஜாதி என்று இன்று சாயந்திரமே பார்த்து விடுங்களேன். ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. விளக்கு எரிகிற சார்ஜர் ஒன்றைச் செருகி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, கதவைப் பூட்டச் சொல்லுங்கள். உடனே பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அரை மணி கழித்துச் சமையல் நடுவே ஒரு நடை வந்து கண்ணாடி வழியாகப் பாருங்கள். எரிந்து கொண்டிருந்தால் அது தூங்காத சாக்கெட். ஒவ்வொரு சாக்கெட்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும், டிக்கி உட்பட. கேட்டால் "அதெல்லாம் அணைஞ்சுடும்" என்றுதான் ஆண்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள்! தூங்காத வகை வேண்டாம் என்றால், கார் எலக்ட்ரீஷியனிடம் சாவியோடு அணைகிற மாதிரி மாற்றித் தரச் சொல்லலாம். வாரண்டி முடியாத வண்டியானால் முதலில் கம்பெனியில் கேட்டுக் கொள்ளுங்கள்.

வீட்டில் தவழுகிற, ஓடுகிற வயசுக் குழந்தை இருந்தால் இன்னொரு கவலை. அந்தக் குழியின் நடுப்புள்ளி பிளஸ், சுற்றுச்சுவர் மைனஸ். ஒரு ரூபாய்க் காசோ ஹேர்பின்னோ இரண்டையும் தொட்டால், 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஃபியூஸ் போவதற்குள் அந்த உலோகம் விரலைச் சுட்டுவிடும். வண்டி நின்றுதானே இருக்கிறது என்று விளையாட விடுகிறோம். சாக்கெட் மட்டும் விழித்திருக்கும். அதற்கென்று வரும் மூடியைத் தொலைத்திருந்தால் புதுசு வாங்கிப் போடுங்கள். நிறுத்திய காருக்குள் குழந்தையைத் தனியாக விடவே கூடாது என்பது வேறு கதை. அதை எத்தனையோ தடவை எழுதியாயிற்று.

இன்சுலின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்களே. அன்றைக்கு வேண்டிய குப்பி நல்ல வேளையாக அத்தையின் கைப்பையில் இருந்தது. பெட்டியில் இருந்தவை வெதுவெதுவென்று ஆகிவிட்டிருந்தன. தஞ்சாவூர் போனதும் டாக்டரிடம் காட்டினோம். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. ஒரு ராத்திரி நிழலில் வெளிச்சூட்டில் இருந்ததால் கெட்டுப் போயிருக்காது, ஆனால் இனி நாலு வாரத்துக்குள் தீர்த்து விடுங்கள், நிறம் மாறினாலோ திரிந்தாலோ தூர எறியுங்கள், சர்க்கரையை அடிக்கடி பாருங்கள் என்றார். அதே கார் பகல் வெயிலில் பூட்டி நின்றிருந்தால் மருந்து முழுக்க வீண்தான் என்றும் சொன்னார்.

இப்போது பயணம் என்றால் அத்தையின் மருந்து அகன்ற வாய்த் தெர்மாஸ் பிளாஸ்கில் வருகிறது. ஐஸ் மருந்தைத் தொடாதபடி நடுவே துணி சுற்றி, அவர் மடியிலேயே வைத்துக் கொள்கிறார். லாட்ஜில் இறங்கியதும் ரிசப்ஷனில் சொல்லி அவர்கள் ஃபிரிஜில் ஒரு மூலை கேட்டு வாங்கிவிடுகிறேன். இதுவரை யாரும் மாட்டேன் என்றதில்லை. ஃபிரிஜ் பெட்டியும் இருக்கிறது. வண்டி ஓடும்போது பேரனின் மோர் பாட்டில் அதில் ஜில்லென்று வரும். நின்றதும் வயரைப் பிடுங்குவது அத்தையின் வேலை. இவர் சாவியை எடுக்கும் முன்பே அவர் பிடுங்கி விடுகிறார்.